ஆயர் றொஜரும் அவர் சுற்றமும்



1139ஆம் ஆண்டு ஜூன் மாதம். இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட் நகரிலே ஸ்ரீபன் மன்னனின் அரசவை கூடியிருந்தது. அவ்வேளை, தங்குமிடம் பற்றி எழுந்த சச்சரவொன்று கைகலப்பாக முற்றியது. அதில் சோல்ஸ்பரி ஆயர் றொஜரின் ஆட்களும் சம்பந்தப்பட்டிருந்தனர். அதையே சாட்டாகக் கொண்டு மன்னன் அந்த முதிய ஆயரைச் சிறைப்பிடித்தான். கூடவே அவருடைய மகனும், உடன்பிறந்தாரின் பிள்ளையான லிங்கன் ஆயர் அலெக்சாண்டரும் பிடிபட்டனர். ஒரு குடும்பத்தையே மன்னன் அஞ்சியது ஏன்? அதனை நோக்குவோம்.

றொஜர் குலப்பெருமையால் உயர்ந்தவர் அல்லர். நோர்மண்டியிலே வறிய குருவானவராக இருந்தவர். இளவரசர் ஹென்றி தம் வீரர்களுடன் வந்தபோது பூசையை அதிவிரைவாக முடித்து அவர்கள் மனத்தைக் கவர்ந்தார் என்பது பிற்கால வரலாற்றாசிரியர் ஒருவர் கூறும் வேடிக்கைக் கதை. கதை எவ்வாறாயினும், இளவரசரின் வீட்டு வரவு செலவைச் சிக்கனமாக நடத்தியே அவர் நம்பிக்கை பெற்றார். 1100இல் ஹென்றி மன்னரானார். மறுவருடமே றொஜர் அரச முத்திரைக்குப் பொறுப்பான சான்சலரானார். 1102இல் ஆயர் பதவிக்குத் தெரிவானார். ஆயினும், ஆயரை நியமிக்கும் உரிமை பற்றி அரசுக்கும் திருச்சபைக்கும் நிகழ்ந்த பிணக்கினால் 1107இலேயே திருநிலைப்படுத்தப்பட்டார்.

இங்கிலாந்தின் திறைசேரி உருப்பெற்றது இவர் காலத்திலேதான். சதுரங்கப் பலகை போலக் கட்டமிட்ட துணியை மேசைமீது விரித்து, காய்களை நகர்த்திக் கணக்குப் பார்த்தனர். ஆங்கிலத்தில் திறைசேரியைக் குறிக்கும் 'எக்ஸ்செக்கர்' என்னும் சொல்லும் அத்துணியிலிருந்து பிறந்ததே. மன்னர் நோர்மண்டி சென்ற காலங்களில் நாட்டாட்சியையும் றொஜரே கவனித்தார்.

உயர்ந்தவர் சுற்றத்தையும் உயர்த்தினார். 1123இல் அலெக்சாண்டர் லிங்கன் ஆயரானார். மன்னரின் பொருளாளராயிருந்த மற்றொரு உடன்பிறந்தார் பிள்ளை நைஜல், 1133இல் ஈலி ஆயரானார். ராம்ஸ்பரி மற்றில்டா என்ற பெண்மணியிடம் றொஜருக்குப் பிறந்த மகன் ஸ்ரீபனின் சான்சலரானார். அலெக்சாண்டரின் ஆதரவில் இலக்கியமும் வளர்ந்தது. மொன்மத் ஜெப்ரி மேர்லினின் தீர்க்கதரிசனங்களை அவருக்கே காணிக்கையாக்கினார். ஹன்டிங்டன் ஹென்றி ஆங்கிலேயர் வரலாற்றை எழுதியதும் அவர் விருப்பின்படியே.

பதவியோடு கோட்டைகளும் பெருகின. முடிக்கு உரிமை கோரிய ஹென்றியின் மகளுடன் இவர்கள் சேர்ந்துவிடுவர் என்று ஸ்ரீபன் ஐயுற்றான். ஒக்ஸ்போர்டில் தப்பிய நைஜல் டிவைசஸ் கோட்டையுள் புகுந்து எதிர்த்து நின்றார். அங்கே மற்றில்டாவும் இருந்தார். கோட்டையைத் தராவிடின் மகனைத் தூக்கிலிடுவேன் என்றான் மன்னன். தாய் மனம் தாளவில்லை, கோட்டை பணிந்தது. ஆயர்மேல் கைவைத்தது பற்றி விசாரிக்க வின்செஸ்டரில் திருச்சபை மன்றத்தைக் கூட்டியவரோ மன்னனின் சொந்தத் தம்பி, ஆயர் ஹென்றி! பயன் ஏதுமில்லை. அவ்வாண்டு டிசம்பரிலே றொஜர் கண்மூடினார்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1154இல் இரண்டாம் ஹென்றி அரசேறியபின், உள்நாட்டுப் போரினால் சீர்குலைந்த திறைசேரியைத் திருத்த நைஜலையே அழைத்தார். நைஜல் பணம் கொடுத்துத் தம் மகன் றிச்சர்ட்டுக்குப் பொருளாளர் பதவியைப் பெற்றுக்கொடுத்தார். அது முறையான வழியெனச் சொல்ல முடியாது. ஆயினும் றிச்சர்ட் அப்பதவியை வீணாக்கவில்லை. ஆசிரியரும் மாணவரும் உரையாடும் பாங்கில், 1177 அளவில், திறைசேரியின் நடைமுறையை விளக்கும் நூலொன்றை இலத்தீனிலே எழுதத் தொடங்கினார். வறுமையிலிருந்து உயர்ந்த றொஜரை அதில் நன்றியுடன் நினைவுகூர்ந்தார். பின்னர் 1189இல் இலண்டன் ஆயரானார்.

றொஜர் கட்டிய கோட்டைகள் அவர் கண்முன்னே மன்னன் வசமாயின. அவர் வகுத்த கணக்குமுறையோ பேரன் முறையானவரின் எழுத்திலே நிலைத்தது. சுற்றத்துக்குப் பதவி தேடியமை அவர் வீழ்ச்சிக்கு வழிவகுத்தது. அச்சுற்றத்துக்கு அவர் தொழிலையும் கற்பித்தாரே, அதுதான் அவர் பெயரை எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகக் காத்து நிற்கிறது.