அசிஸ்டட் ஓப்பனிங் கத்தி வாங்கப் போறீங்களா? முதல்ல இதைப் பாருங்க!

பட்டன் கத்தி, பட்டனை அமுக்கினாலே திறந்துவிடும். அமெரிக்கக் கடைகளில் விற்கும் அசிஸ்டட் ஓப்பனிங் மடக்குக் கத்தி அப்படி இல்லை. பிளேடை விரலால் கொஞ்சம் தள்ளணும். மீதியை உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பார்த்துக்கொள்ளும். இதனால்தான் 1958-ம் ஆண்டு பட்டன் கத்தித் தடைச் சட்டத்திலிருந்து 2009-ல் இதற்கு விலக்கு கிடைத்தது. மாகாணச் சட்டங்கள் தனி.

எவ்வளவு வேகமாகத் திறக்குது என்பதைவிட லாக் முக்கியம். பாக்கெட்டுக்குள் தானாகத் திறந்தால் தொடை கிழியும். அதைத் தடுக்கும் சேஃப்டி லாக் இருக்கா? திறந்த பிளேடு ஆடாமல் நிக்குதா? மூடும்போது விரல் பிளேடு வரும் வழியில் மாட்டுதா? கையில் வாங்கி மூடிப் பாருங்க.

லண்டன் சொந்தக்காரருக்கு கிஃப்டா? வேண்டவே வேண்டாம். இங்கிலாந்தில் 2021 முதல் இதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம்.