வல்லூறு கொண்டுவந்த தூசி

ஒரு சிட்டிகை சர்க்கரையை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். எடை இருப்பதே தெரியாது. ஹயபுசா விண்கலத்தின் ஒவ்வோர் அயனி எஞ்சினும் கொடுத்த தள்ளுவிசை ஏறக்குறைய அவ்வளவுதான். ஒரு கிராமுக்கும் குறைவான பாரம். செனான் வாயுவுக்கு மின்னூட்டம் கொடுத்துப் பின்னால் வேகமாகத் துப்பும் எஞ்சின் அது. விசை சொற்பம் என்றாலும் மாதக்கணக்கில் ஓயாமல் தள்ளும். அதை நம்பித்தான் 510 கிலோ எடையுள்ள கலத்தை ஜப்பான் 2003 மே 9 அன்று உச்சினோவுரா ஏவுதளத்திலிருந்து அனுப்பியது.

ஹயபுசா என்ற சொல் நம் இளைஞர்களுக்கு சுசுகி பைக்கின் பெயராகத் தெரிந்திருக்கும். ஜப்பானிய மொழியில் அது வல்லூறு. பாய்ந்து இறங்கி, இரையைக் கவ்விக்கொண்டு, அதே வேகத்தில் மேலே எழும்பும் பறவை. கலத்துக்கும் அதுதான் வேலை. இரை, இட்டோகாவா என்ற சிறுகோள். 1955இல் 23 சென்டிமீட்டர் நீளப் பென்சில் ராக்கெட்டைச் சுட்டு ஜப்பானின் ராக்கெட் ஆய்வைத் தொடங்கிவைத்த ஹிதேயோ இட்டோகாவாவின் பெயரை அதற்கு வைத்தார்கள்.

ஒரு பிடி மண்ணுக்காக அவ்வளவு தூரம் போவானேன்? பூமியில் விழும் விண்கற்களில் மிகப் பெரும்பாலானவை ‘சாதாரண காண்ட்ரைட்’ என்ற ஒரே வகை. அவை சிறுகோள்களிலிருந்து வருகின்றன என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் தொலைநோக்கியில் தெரியும் பாறைச் சிறுகோள்களின் நிறம் இந்தக் கற்களோடு ஒத்துப்போகவில்லை, சற்றே சிவந்திருந்தது. கையில் கல் இருக்கிறது, அதன் சொந்த ஊர் எதுவென்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நேரில் போய் எடுத்துவந்தால்தான் தீரும்.

போகிற வழியிலேயே அடி விழத் தொடங்கியது. 2003 இறுதியில் சூரியனில் கிளம்பிய பெரும் வெடிப்பு கலத்தின் மின்தகடுகளைப் பழுதாக்கியது. மின்சாரம் குறைய, எஞ்சின்களின் விசையும் குறைந்து, போய்ச் சேரும் நாள் தள்ளிப்போனது. கலத்தின் நிலையைத் திருப்பிப் பிடித்துவைக்கும் சுழல்சக்கரங்கள் மூன்றில் ஒன்று 2005 ஜூலையில் நின்றது, இன்னொன்று அக்டோபரில். இடையில், செப்டம்பர் 12 அன்று, இட்டோகாவா எதிரே வந்திருந்தது.

அரை கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளம். ஒரே பாறையாக இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தார்கள். வந்த படங்களில் இருந்தது இடிபாட்டுக் குவியல். ஏதோ மோதலில் சிதறிய கற்கள் சொற்ப ஈர்ப்பில் மறுபடி ஒன்றுகூடி நிற்கின்றன. உள்ளே சுமார் 40 சதவீதம் வெற்றிடம். அங்கே கையிலிருந்து ஒரு கல்லைச் சற்றே வேகமாக வீசினால் அது திரும்பி விழாது, போயே போய்விடும். மினெர்வா என்ற குட்டி ரோபோவுக்கு அந்தக் கதிதான் நேர்ந்தது. கலம் மேலே ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் அதை விடுவித்ததால், தரையைத் தொடாமலே விண்வெளியில் மிதந்து மறைந்தது.

பூமியிலிருந்து ஒரு கட்டளை போய்ச் சேர 16 நிமிடம். ஆகவே இறங்கும்போது கலம் தன் புத்தியையே நம்ப வேண்டும். நவம்பர் 20 அன்று அது இறங்கியது, துள்ளியது, அரை மணி நேரம் தரையிலேயே கிடந்தது. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களுக்கு அது தரையில்தான் இருக்கிறது என்பதே அப்போது புரியவில்லை. 26ஆம் தேதி இரண்டாம் முயற்சி. தரையைத் தொட்ட கணம் ஒரு சிறு குண்டைச் சுட்டு, சிதறும் துகள்களை ஒரு புனல் வழியாகப் பிடிப்பது திட்டம். சுட்டுவிட்டதாகத் திரையில் தகவல் வந்தது, அறையே கைதட்டியது. சில நாளில் பதிவுகளைப் பார்த்தபோது குண்டு வெடித்ததற்கான தடயம் இல்லை.

அதற்குள், கலத்தைத் திருப்ப உதவும் சிறு உந்திகளின் எரிபொருள் கசிந்துவிட்டிருந்தது. டிசம்பர் 8 அன்று கலம் தள்ளாடிச் சுழன்றது, பேச்சு அறுந்தது.

இந்தக் கதையில் என் மனத்தை விட்டு அகலாத இடம் இதற்கு அடுத்த 46 நாட்கள். கட்டுப்பாட்டு அறைக்கு வருவோர் எண்ணிக்கை குறைந்துகொண்டே போனது. திட்டத் தலைவர் ஜுனிச்சிரோ காவகுச்சி ஒரு வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். அறையில் இருந்த வெந்நீர்க் குடுவையில் தினமும் புதிதாக வெந்நீர் நிரப்பி வைப்பது. தேநீர் போட வருகிறவர் குடுவையைத் திறந்து ஆறிய தண்ணீரைப் பார்த்தால், இங்கே வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துவிடுவாரே என்பது அவர் கவலை. வெந்நீர் ஆறாமல் இருந்தது. ஜப்பானின் உசுதா நிலையத்து 64 மீட்டர் ஆன்டெனா நாள்தோறும் வெற்று வானத்தை நோக்கிக் கட்டளை அனுப்பியபடி இருந்தது. 2006 ஜனவரி 23 அன்று மெல்லிய சிக்னல் ஒன்று வந்தது. அதில் சொல் ஏதும் இல்லை. இருக்கிறேன் என்ற அறிகுறி மட்டுமே. அந்தச் சிக்னல் இருப்பதையும் நிற்பதையும் ஆம், இல்லை என்று கொண்டு, ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு நிலவரத்தை அறிந்தார்கள்.

எரிபொருள் தீர்ந்துவிட்டது. பேட்டரியின் 11 செல்களில் 4 பழுது. எஞ்சினுக்கான செனான் வாயுவையே அப்படியே பீய்ச்சிக் கலத்தைத் திருப்பினார்கள். மீதமிருந்த ஒற்றைச் சக்கரத்தோடு சூரிய ஒளியின் அழுத்தத்தையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். 2007இல் திரும்ப வேண்டிய கலம் 2010இல்தான் வரும் என்றானது.

2009 நவம்பரில் ஓடிக்கொண்டிருந்த எஞ்சினும் நின்றது. எஞ்சின் குழுவின் ஹிதோஷி குனினாகாவிடம் ஒரு கடைசி வழி இருந்தது. ‘ஏ’ எஞ்சினில் மின்னூட்டத்தைச் சமன்செய்யும் பகுதி நன்றாக இருந்தது, ‘பி’ எஞ்சினில் அயனிகளை உமிழும் பகுதி நன்றாக இருந்தது. இரண்டையும் இணைத்து ஒரே எஞ்சினாக ஓட்டலாம். என்றைக்காவது தேவைப்படலாம் என்று, ஏவும் முன்பே அதற்கான சிறு இணைப்பைச் சுற்றில் சேர்த்துவைத்திருந்தார்கள். ஓடியது. சமன்செய்யும் கருவிக்கான ஜப்பானிய எழுத்துகளையே பெயராகக் கொண்ட ஒரு கோயில் ஒகாயாமா பகுதியில் இருக்கிறது. காவகுச்சி அங்கே போய் வேண்டிக்கொண்டு வந்தார்.

2010 ஜூன் 13. பூமியை நெருங்கியதும் 40 சென்டிமீட்டர் அகலப் பேழையைக் கழற்றி விட்டது கலம். அதற்கு விலகிப் போக எரிபொருள் இல்லை. பேழைக்குப் பின்னாலேயே எரிந்து விழ வேண்டியதுதான். மிச்சமிருந்த நேரத்தில் அதைத் திருப்பி, பூமியை ஒருமுறை பார்க்கவைத்தார்கள். கடைசிப் படம் வந்துகொண்டிருக்கும்போதே கலம் அடிவானத்துக்குக் கீழே போனது. படத்தின் கீழ்ப்பகுதி கருப்பு. அன்றிரவு ஆஸ்திரேலியாவின் வூமெரா பாலைவனத்துக்கு மேலே கலம் துண்டுதுண்டாகப் பொரிந்து ஒளிர்ந்தது. அதற்கு முன்னால், தனியே, சின்னப் புள்ளியாகப் பேழை.

திறந்தபோது அள்ளிக் காட்ட எதுவும் இல்லை. டெஃப்லான் கரண்டியால் சுவரை வழித்து, நுண்ணோக்கியில் துகள் துகளாகத் தேடினார்கள். நவம்பரில் அறிவித்தார்கள்: சுமார் 1,500 துகள்கள் இட்டோகாவாவின் மண்தான். பெரும்பாலானவை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. குண்டு வெடிக்காவிட்டாலும், கலம் தொட்ட அதிர்ச்சியில் எழுந்த தூசி உள்ளே புகுந்திருந்தது.

கனிமங்கள் சாதாரண காண்ட்ரைட்டோடு பொருந்தின. துகள்களின் மேற்புறத்தில், சூரியக் காற்று பட்டுப் பட்டு உண்டான மிக மெல்லிய படலம். அதற்குள் நுண்ணிய இரும்பு மணிகள். தொலைநோக்கியில் தெரிந்த சிவப்புக்குக் காரணம் அதுவே. சில துகள்களின் விளிம்பு மழுங்கியிருந்தது. நீரும் காற்றும் இல்லாத இடத்தில், ஒன்றோடொன்று உரசியே தேய்ந்தவை. கிடைத்த துகள்களில் ஒரு பகுதியை எவருக்கும் கொடுக்காமல், ஜப்பானின் சாகமிஹாராவில் நைட்ரஜன் நிரப்பிய பெட்டகத்தில் வைத்திருக்கிறார்கள், இனிமேல் வரப்போகும் கருவிகளுக்காக.