கயிறு அறாத கதை

எழுத்தாளர் ‘அவன் கனவு கண்டான்’ என்று ஒரே வரியில் கூறிவிடலாம். திரைப்படத்திற்கு அந்த வசதி இல்லை. திரையில் தோன்றுவதெல்லாம் கண்முன் நடப்பதாகவே நமக்குப் படுகிறது. அவ்வாறிருக்க, மாயையைத் திரை எவ்வாறு உணர்த்துகிறது? ஒரு சிறுகதையின் வரலாற்றைக் கொண்டு இதனைச் சிந்திப்போம்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடபுலப் படையில் பணியாற்றிய ஆம்ப்ரோஸ் பியர்ஸ், 1890இல் ‘ஆந்தை ஓடைப் பாலத்தில் ஒரு நிகழ்ச்சி’ என்னும் சிறுகதையை வெளியிட்டார். அலபாமாவில் ஓர் இரயில் பாலத்தின்மீது தென்புலத்தார் ஒருவர் தூக்கிலிடப்படுகிறார். கயிறு அறுகிறது, ஆற்றில் விழுந்தவர் குண்டுகளுக்குத் தப்பி வீட்டை நோக்கி விரைகிறார். மனைவியைத் தழுவப்போகும் நொடியில் உண்மை வெளிப்படுகிறது: கயிறு அறவே இல்லை. அத்தனையும் வீழ்ச்சிக்கும் சாவுக்கும் இடைப்பட்ட கணத்தில் அவர் மனம் புனைந்தவை.

பியர்ஸ் நம்மை வஞ்சிக்கவில்லை. தூக்கிலிடப்படுமுன்பே, அவருடைய கடிகார ஓசை கொல்லனின் சம்மட்டி அடியாகக் கேட்கிறது. அடிகளுக்கிடையே இடைவெளி நீள்கிறது. தப்பியபின் அவர் காணும் விண்மீன்களோ அறியாத வரிசையில் நிற்கின்றன.

பிரெஞ்சு இயக்குநர் ரொபேர் என்ரிகோ இதனைக் குறும்படமாக்கினார். உரையாடல் மிக அருகிய அப்படம் 1962இல் கான் விழாவிலும் 1964இல் ஆஸ்கார் விழாவிலும் பரிசு பெற்றது. எழுத்திலிருந்த குறிப்புகளை அவர் ஒலியாகவும் காலமாகவும் மாற்றினார். நீரினின்று எழுபவரின் செவியில் படைவீரர் குரல்கள் இழுபட்டு ஒலிக்கின்றன. மனைவியை நோக்கி ஓடுகிறார், ஓடிக்கொண்டே இருக்கிறார், தொலைவு குறையக் காணோம். முதன்முறை காண்போர்க்கு அது மகிழ்ச்சியின் நீட்சி. மறுமுறை காண்போர்க்கோ இறுதி மூச்சின் நீட்சி.

இம்மாயையால் விளையும் பயன் யாது? பாலத்தில் நிற்பவர் நமக்கு முதலில் பெயரறியாக் கைதி. அவரோடு ஓடியபின், அவர் வீடு சேரவேண்டும் என்று நாமும் ஏங்குகிறோம். அவர் அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தவர் என்பதைப் பியர்ஸ் மறைக்கவில்லை. குற்றமற்றவர் என்று அவரைக் கொள்ள இயலாது. ஆயினும் அவர் சாவு நம்மை வருத்துகிறது.

மரண தண்டனை மனித மாண்பைத் தாக்குவதால் ஏற்கத்தகாதது என 2018இல் திருஅவை தன் மறைக்கல்வி ஏட்டைத் திருத்தியது. மாண்பு என்னும் அச்சொல்லின் பொருளை இக்குறும்படம் நம் உள்ளம் உணரச் செய்கிறது. தண்டனைக்குரியவர் நெஞ்சிலும் ஓர் இல்லம் உண்டு. அங்கு அவருக்காகக் காத்திருப்பவரும் உண்டு. கயிறு அறுந்தது பொய். அந்த அன்பு பொய்யன்று.