பாடிய அருவிகளும் பாடாத தீவுகளும்

பொதிகையில் தோன்றும் பொருநையாறு ஏறத்தாழ 125 கிலோமீட்டர் நடந்து மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. வேற்று மாநிலத்தில் பிறந்து வந்த ஆறன்று இது. வேற்று மாநிலத்துக்குப் போவதுமன்று. தமிழ் மண்ணில் பிறந்து தமிழ் மண்ணிலேயே கடலடையும் பேறு பெற்றது. இதன் தலைமாட்டில் அருவிகள் இருக்கின்றன. கால்மாட்டிலோ பவளத் தீவுகள் கிடக்கின்றன. ஒரு பகல் பயணத்தில் மலையின் சாரலையும் கடலின் உப்புக்காற்றையும் நுகரத்தக்க நிலம், நெல்லையும் தென்காசியும் தூத்துக்குடியுமாக இன்று பிரிந்து நிற்கும் இப்பழைய திருநெல்வேலிச் சீமை.

அருவிக்குச் சென்றவர் பலர். தீவுக்குச் சென்றவரும் பலர். முன்னவரில் புலவர் இருந்தனர்; பின்னவரில் வணிகரும் மீனவரும் அளவையாளரும் இருந்தனர். இவ்வேறுபாடு சிறிதெனத் தோன்றலாம். ஆயினும் இரு முனைகளின் வரலாற்றையும் அருகருகே வைத்து நோக்குவார்க்கு, ஓரிடம் பாடப்பெறுவதும் பாடப்பெறாமையும் அவ்விடத்தின் வாழ்வோடு எவ்வளவு பிணைந்துள்ளன என்பது புலப்படும்.

திரிகூடத்தின் சாரல்

தென்மேற்குப் பருவக்காற்று மலையைக் கடந்து வரும் ஆனி, ஆடி, ஆவணித் திங்களில் குற்றாலத்தில் சாரல் காலம். வெயில் ஒருபுறம், தூற்றல் ஒருபுறம் என நிற்கும் அப்பருவத்தில் பேரருவி, ஐந்தருவி, செண்பகாதேவி, பழைய குற்றாலம் எனப் பல பெயர்களோடு நீர் இறங்குகிறது. அருவியின் அடியிலே குற்றாலநாதர் கோயில். சற்று அப்பால் ஐந்து சபைகளுள் ஒன்றான சித்திரசபை. நீராடலும் வழிபாடும் இங்கு இரண்டாகப் பிரிந்திருந்ததில்லை.

மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் குற்றாலக் குறவஞ்சியைப் பாடினார். அதில் மலைவளம் கூறுபவள் அரசியல்லள். புலமை பெற்ற அந்தணனுமல்லன். மலையில் உழலும் குறத்தி. தன் வீட்டு முற்றத்தைக் காட்டுவதுபோல் அவள் மலையைக் காட்டுகிறாள். குற்றாலத்தை ஒருமுறையும் காணாதவர்கூட அவள் வழியாக அதனைக் கண்டனர். இந்நூலுக்காக மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் வழங்கிய நிலம் குறவஞ்சி மேடு எனப் பெயர் பெற்றது. ஒரு பாட்டின் பெயரால் நிலமொன்று வழங்கப்பெறுதல் எல்லா ஊர்க்கும் வாய்ப்பதன்று.

கும்பினியார் இம்மலையை வேறு கண்ணால் நோக்கினர். சாதிக்காயும் கிராம்பும் பயிராகும் தோட்டங்கள் அமைத்தனர்; கோடை வெம்மைக்கு ஒதுங்கும் மாளிகைகளைக் கட்டினர். அருவி அவர்களுக்கு உடல்நலம் தரும் குளியலிடமாயிற்று. இன்றைய சுற்றுலாவின் வேர் ஒன்று அங்கேயும் உண்டு.

இலக்கியக் கழகத்தார் மறக்கலாகாத பெயர் இரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் (1882-1954). திருநெல்வேலியில் அவர்தம் இல்லத்தில் கூடிய வட்டத்தொட்டி, பட்டியலோ பதவியோ இல்லாத ஓர் இலக்கியக் கூட்டம். கவிதையை உரையால் விளக்குவதினும் ஓசையோடு சொல்லிச் சுவைப்பதே அதன் பணி. பின்னாளில் அவர் குற்றாலத்தில் குடியேறியபோது வட்டத்தொட்டியும் அருவிக்கரைக்கு வந்தது எனலாம். இராசாசியும் கல்கியும் அவரை நாடிக் குற்றாலம் வந்தனர், சாரலில் நனைந்தனர், கம்பனில் தோய்ந்தனர். அருவியைக் காணப் போதலும் கவிதையைக் கேட்கப் போதலும் ஒன்றாய் இருந்த காலம் அது.

பாபநாசத்தின் இருமுகம்

குற்றாலத்து நீர் சிற்றாறாகிச் சீவலப்பேரியருகே பொருநையோடு கூடுகிறது. அந்த முக்கூடலைப் பாடிய முக்கூடற்பள்ளு, வெள்ளம் மலையிலிருந்து நிலம்தோறும் பாய்ந்து வரும் வருகையை உழவன் கண்கொண்டு காட்டுகிறது. குறத்தி தொடங்கியதைப் பள்ளர் தொடர்ந்தனர். மலையில் தொடங்கிய பாட்டு வயலுக்கு இறங்கிவிட்டது.

பொருநையின் மூலத்தை நோக்கிச் சென்றால் பாபநாசம், அகத்தியர் அருவி, கல்யாண தீர்த்தம், அதற்கும் மேலே பாண தீர்த்தம். தமிழ் முனிவன் எனப் போற்றப்பெறும் அகத்தியரின் பெயரோடு இணைந்த இடங்கள் இவை. ஆடி அமாவாசையில் நீராடக் கூடும் பெருந்திரள், சுற்றுலா என்னும் சொல் பிறப்பதற்கு முன்பே பயணம் இருந்தது என்பதற்குச் சான்று.

இவ்வருவி தமிழரிடமிருந்து ஒரு பேரறிஞரைக் கொண்டதும் உண்டு. சேரன்மாதேவியில் குருகுலம் நடத்திய வ.வே.சு. ஐயர், 1925ஆம் ஆண்டு சூன் திங்களில் மாணாக்கரோடும் மகளோடும் இங்கு வந்தார். ஓடையைத் தாண்ட முயன்ற மகள் நீரில் விழ, மீட்கப் பாய்ந்த தந்தையும் மீளவில்லை. திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். கம்பனை உலகக் காப்பியப் புலவரோடு ஒப்பிட்டு எழுதியவர். தமிழ்ச் சிறுகதையின் முன்னோடிகளுள் ஒருவர். குருகுலத்தின் பந்தி வேறுபாடு குறித்த பூசல் நாடெங்கும் கொதித்துக் கொண்டிருந்த வேளையில் அவர் மறைந்தார். அருவி அழகு மட்டுமன்று. அதற்கு அறியாத ஆழமும் உண்டு. 2024 மே திங்களில் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனைக் கொண்டபோது அந்தப் பழைய பாடம் மீண்டும் கேட்டது.

அருவியின் விசையைத் தொழிலுக்குத் திருப்பியதும் இதே பாபநாசத்தில்தான். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆர்வி உடன்பிறந்தார் நீர்விசையை நம்பிப் பஞ்சாலை நிறுவினர். 1944இல் நீர்மின் உற்பத்தி தொடங்கியது. பாபநாசம் அணையின் நீர்மட்டம் 143 அடி என்பது இன்று நெல்லை உழவரின் நாவில் அன்றாடம் வழங்கும் கணக்கு. 1988இல் களக்காடு, முண்டந்துறைக் காடுகள் புலிகள் காப்பகமாயின. போற்றியும் பயன்கொண்டும் காத்தும் வந்த இம்மலைக்கு எக்காலத்தும் ஒரு குரல் இருந்தது.

கடலை நோக்கி

ஆற்றின் மறுமுனையில் முதலில் வரவேற்பது கொற்கை. மதுரைக்காஞ்சி, சிறுபாணாற்றுப்படை முதலிய சங்கநூல்கள் இதன் பெயரைப் போற்றின. பெரிபுளூசும் தாலமியும் இதனைக் குறித்தனர். தமிழ்நாடு தொல்லியல் துறை 1968இல் தொடங்கிய அகழாய்வில் கிடைத்த கரியின் காலம் கி.மு. 8ஆம் நூற்றாண்டளவினது எனக் கணிக்கப்பெற்றது. அலை தழுவிய அத்துறைமுகம் இன்று கடலிலிருந்து ஏறத்தாழ ஆறு, ஏழு கிலோமீட்டர் உள்ளே, வயலுக்கும் வாழைக்கும் நடுவே ஒரு சிற்றூராய் இருக்கிறது. மலையிலிருந்து மண்ணைச் சுமந்து வந்த பொருநையே தன் துறைமுகத்தைத் தூர்த்தது.

கொற்கை பின்னடைந்ததும் காயல் முன்வந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெனிசு நகர மார்க்கோ போலோ காயலைக் கண்டு அதன் வணிகப் பெருக்கையும் இக்கடலின் முத்துக்குளிப்பையும் எழுதினார். பழையகாயலே அவ்வூர் என உறுதிப்படுத்த முயன்ற கால்டுவெல், அங்கு மண்ணைக் கிளறிச் சீனக் கலவோடுகளைக் கண்டார். காயலும் தூர்ந்தபின் புன்னைக்காயல் தலையெடுத்தது. 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் துணையை நாடிய பரதவர் கிறித்தவம் தழுவினர். 1542இல் பிரான்சிசு சவேரியார் இக்கரைக்கு வந்தார். தமிழ் கற்றுத் தமிழிலேயே எழுதிய அண்டிரிக்கி அடிகளாரின் அடியார் வரலாறு 1586இல் அச்சேறியது புன்னைக்காயலில் என்பர். ஆறு கடலைத் தொடும் மணல்மேட்டில் தமிழ் அச்செழுத்தும் கால் பதித்தது.

மலையும் கடலும் ஒன்றே என்பதை இம்மக்கள் 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் கொடிய முறையில் உணர்ந்தனர். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பொருநை கரைபுரண்டு திருவைகுண்டம் பகுதியை மூழ்கடித்தது. ஆறு தன் பழைய தடங்களையெல்லாம் மறக்கவில்லை.

இருபத்தொரு தீவுகள்

கழிமுகத்துக்கு வடக்கே, தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரையில் கரையை ஒட்டிக் கிடந்தவை 21 தீவுகள். தூத்துக்குடியை ஒட்டி வான்தீவு, காசுவார், காரைச்சல்லி, விலாங்குச்சல்லி; வேம்பாற்றுப் பக்கம் உப்புத்தண்ணித்தீவு, புலுவினிச்சல்லி, நல்லதண்ணித்தீவு; கீழக்கரைப் பக்கமும் மண்டபத்துப் பக்கமும் எவ்வேழு. சல்லி என்பது உடைந்த சிறுகல்லைக் குறிக்கும் சொல்; பவளச் சிதைவும் மணலும் சேர்ந்து எழுந்த மேட்டுக்கு அப்பெயர் நன்கு பொருந்துகிறது. குடிக்க நீர் கிடைக்குமிடம் எது, கிடைக்காத இடம் எது என்பதைப் பெயரிலேயே பொதிந்து வைத்தவர் மீனவர். முத்துச்சிப்பி படியும் கடலடி மேடுகளைப் ‘பார்’ என்றனர். தொலாயிரம் பார் என ஒன்றுக்குப் பெயரிட்டனர். இப்பெயர்களே தீவுகளுக்கு வாய்த்த சிறுகவிதைகள்.

தீவு அடைக்கலமும் தந்தது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை நாயக்கர் ஆட்சியாளரோடு பூசல் மூண்டபோது தூத்துக்குடிப் பரதவர் எதிரேயிருந்த தீவில் குடியேறிச் சில ஆண்டுகள் வாழ்ந்தனர். ஓர் ஊர் கடலுக்குள் பெயர்ந்த அந்நிகழ்ச்சி, வேறோரிடமாயின் காப்பியப் பொருளாகியிருக்கும். முத்துக்குளிப்போ டச்சுக்காரர், ஆங்கிலேயர் எனக் கைமாறித் தொடர்ந்து, தூத்துக்குடியில் 1961இல் இறுதியாக நடைபெற்று ஓய்ந்தது.

பின்னர் நேர்ந்ததே துயரம். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் தொழிற்சாலைக்கும் எனப் பவளப்பாறைகள் பல்லாண்டு வெட்டியெடுக்கப்பட்டன. அலையைத் தான் தாங்கித் தீவைக் காப்பது பாறை. பாறை போனால் தீவின் மணலை அலை அரித்துச் செல்லும். 1986இல் இத்தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றன; 1989இல் இவ்வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. ஆயினும் வெட்டு நிற்கவில்லை. 2001இல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தது. 2004 டிசம்பர் ஆழிப்பேரலையின்போது பாறையும் தீவும் அலையின் வேகத்தைத் தணித்ததைக் கரையோர மக்கள் கண்ணாரக் கண்டனர். அதன் பின்னரே வெட்டு ஓய்ந்தது. அதற்குள் விலாங்குச்சல்லியும் கீழக்கரையருகே பூவரசன்பட்டியும் நீருள் அமிழ்ந்துவிட்டன. 1986இல் 16 ஹெக்டேர் இருந்த வான்தீவு 2014இல் 2 ஹெக்டேர் அளவுக்குத் தேய்ந்தது. 2015 முதல் செயற்கைப் பாறைக் கட்டமைப்புகளைக் கடலில் இறக்கி அதனை மீட்கும் முயற்சி நடந்தது. அடுத்து காரைச்சல்லியும் தேய்ந்து வருகிறது.

பாடாமையின் விலை

பொருநைக் கரையில் மலைக்குக் குறவஞ்சி உண்டு. வயலுக்குப் பள்ளு உண்டு. துறைமுகத்துக்குச் சங்கப்பாட்டு உண்டு. தீவுகளுக்கு அவற்றோடு ஒப்ப வைக்கத்தக்க நூலொன்று அமையவில்லை. மணிமேகலையின் மணிபல்லவம் தீவன்றோ எனலாம். அதனை யாழ்ப்பாணக் கரையோரத் தீவாகக் கொள்வாரே பலர். விலாங்குச்சல்லி அமிழ்ந்தபோது ஓர் இரங்கற்பா எழவில்லை. அளவையாளரின் ஏட்டில் எண்ணொன்று குறைந்தது, அவ்வளவே.

பாட்டு பாறையைக் காக்குமா என வினவுவார் உளர். அருவியைக் காத்தது பாட்டு மட்டுமன்று என்பது உண்மையே. ஆனால், குற்றாலத்தில் சிறு கேடு நேர்ந்தாலும் நாடெங்கும் குரல் எழுகிறது. அருவியைக் காணாதவரும் அதனைத் தமது எனக் கருதுவதே அதன் காரணம். அவ்வுரிமையை ஊட்டியவள் கவிராயரின் குறத்தி. தீவுகளைத் தமது எனக் கருதியவர் மீனவர் மட்டுமே. அவர் குரல் கரையைத் தாண்டவில்லை.

வழி கண்ட புலவன் காணாத புலவனுக்கு வழிகாட்டுதல் ஆற்றுப்படை மரபு. மலைக்குச் செல்ல வழிகாட்டினால் போதும். தீவுக்கு அது போதாது. வனத்துறையின் ஒப்புதலின்றி இன்று அங்குக் கால்வைத்தல் கூடாது, கூடாதென்பதே நன்று. எனவே கால் வையாமலே கண்முன் நிறுத்தும் ஆற்றுப்படையொன்று அத்தீவுகளுக்கு வேண்டும். அதற்கு முதற்சொற்களை மீனவர் தந்துவிட்டனர்: நல்லதண்ணி, உப்புத்தண்ணி, வான், காரைச்சல்லி. நீருள் போன இரண்டின் பெயர்களும் அவற்றோடு சேர்த்தே சொல்லப்பட வேண்டும். எஞ்சிய பத்தொன்பதும் கரையிலிருக்கும்போதே அப்பாட்டு எழுதல் தமிழ்ப் புலவர் கடன்.