மந்தை வழியிலிருந்து பந்தயத் திடலுக்கு

வேற்று மாநிலங்களில் குடியேறி வாழும் நம்மவரில் பலர், பெருநகரப் பூங்காக்களில் மாலை வேளையில் உலாவும்போது ஒரு விந்தையான நாயைக் கண்டிருக்கலாம். அதன் உடல் நீண்டது. கால்களோ மிகக் குட்டை. செவிகள் நிமிர்ந்திருக்கும், முகம் நரியை நினைவூட்டும். இதனைக் கோர்கி என்று அழைக்கின்றனர். பார்ப்பவர் நகைத்துவிட்டுப் போவதற்கு ஏற்ற தோற்றந்தான். ஆயினும் இதன் வரலாற்றைச் சற்றே ஆராய்ந்தால், நகைப்பு மறைந்து மதிப்புத் தோன்றும்.

முதலில் பெயரைக் கவனிப்போம். மொழிபெயர்ப்பையே அன்றாட அலுவலாகக் கொண்ட நமக்கு எதனையும் சொல்லிலிருந்து தொடங்குவதே வழக்கமாகிவிட்டது. பிரிட்டனின் மேற்குப் பகுதியிலுள்ள வேல்ஸ் நாட்டிற்குத் தனிமொழி ஒன்று உண்டு. அம்மொழியில் ‘கோர்’ என்பது குள்ளத்தையும், ‘கி’ என்பது நாயையும் குறிக்கும். இரண்டும் புணரும்போது வல்லொலியாகிய ‘கி’ மெலிந்து ஒலிக்கிறது. இந்த மாற்றத்தைக் காட்ட அவர்கள் எழுத்தையே மாற்றி எழுத வேண்டியிருக்கிறது. தமிழில் எழுதும்போது அத்தொல்லை இல்லை. சொல்லின் இடையில் வரும் ககரம் நம் நாவில் தானாகவே மெலிகிறது. குள்ளநாய் என்னும் எளிய பொருளுடைய அந்நாட்டுச் சொல், எம்மொழியிலும் பெயர்க்கப்படாமல் உலகெங்கும் வழங்கி வருகிறது.

வேல்ஸின் தென்மேற்கிலுள்ள பெம்புரோக், கார்டிகன் பகுதிகள் இந்நாயின் தாயகம். அங்கே இதன் தொழில் மாடு ஓட்டுதல். ஆட்டு மந்தைக்கு வேண்டிய நாய் வேறு, மாட்டு மந்தைக்கு வேண்டிய நாய் வேறு. கண்பார்வையால் மிரட்டினாலே ஆடு நகர்ந்துவிடும்; மாடு நகராது. ஆகவே கோர்கி பின்புறமாகச் சென்று மாட்டின் குதிகாலைக் கவ்வும். சினந்த மாடு உதைக்கும்போது, உயரமான நாயாயின் மண்டை உடையும். குள்ளநாயோ தரையோடு தரையாகப் பதுங்கிவிடும், குளம்பு அதன் தலைக்கு மேலே காற்றை உதைத்துச் செல்லும். நாம் நகைக்கும் அந்தக் குட்டைக் கால்களே அதன் உயிர்க்கவசமாக இருந்தன.

பத்தாம் நூற்றாண்டில் வேல்ஸை ஆண்ட ஹவெல் தா என்னும் மன்னனின் பெயரால் வழங்கும் சட்டத் தொகுப்பில், காலையில் மந்தைக்கு முன்னும் மாலையில் மந்தைக்குப் பின்னும் செல்லும் இடையனின் நாய்க்கு ஓர் எருதின் மதிப்பு விதிக்கப்பட்டுள்ளது. அந்த நாயும் இன்றைய கோர்கியும் ஒன்றேயென்று சட்டம் கூறவில்லை. எனினும் உழைக்கும் நாயை அச்சமூகம் எவ்வளவு உயர்வாகக் கருதியது என்பது இதனால் விளங்கும்.

காலம் மாறியது. பொது மேய்ச்சல் நிலங்களுக்கு வேலி வந்தது. பின்னர் மாடுகளை ஏற்றிச் செல்ல இருப்புப்பாதையும் மோட்டார் வண்டியும் வந்தன. கோர்கியின் தொழில் சுருங்கியது. உழைப்பால் மதிக்கப்பட்ட நாய், உருவத்தால் மதிக்கப்படும் நாயாயிற்று. 1925இல் கோர்கிக்கெனச் சங்கம் தோன்றியது. 1934இல் பெம்புரோக் கோர்கி, நீண்ட வாலுடைய கார்டிகன் கோர்கி என்று இரு தனி இனங்களாகப் பிரித்துப் பதிவு செய்யும் முறை வந்தது. 1933இல், பின்னாளில் ஆறாம் ஜார்ஜ் மன்னரான யார்க் கோமகன் தம் இல்லத்திற்கு ஒரு பெம்புரோக் கோர்கியை வாங்கினார். அவர் மகள் எலிசபெத்துக்கு 1944இல் பதினெட்டாம் பிறந்தநாள் பரிசாகக் கிடைத்த சூசன் என்னும் கோர்கியின் வழித்தோன்றல்கள் பல தலைமுறை அரண்மனையில் வாழ்ந்தன. அரசியார் 2022இல் மறைந்தபோதும் அவரிடம் கோர்கிகள் இருந்தன. மாட்டுக் கொட்டிலிலிருந்து அரண்மனைக்கு உயர்ந்தது பெரும் பேறுதான். ஆனால் தலைமுறை தலைமுறையாக ஓடி உழைத்த உடலுக்கும் அறிவுக்கும் மெத்தை மட்டும் போதுமா?

இக்கேள்விக்கு விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. லண்டனில் 1891இல் தொடங்கிய கிரஃப்ட்ஸ் நாய்க்காட்சி உலகப் புகழ் வாய்ந்தது. 1978ஆம் ஆண்டுக் காட்சி ஒலிம்பியா மண்டபத்தில் நிகழ்ந்தது. அதன் குழுவில் இருந்த ஜான் வார்லி என்பவர், முக்கிய நிகழ்ச்சிகளுக்கு இடையே மக்கள் சோர்வடையாதிருக்க ஏதேனும் வேடிக்கை வேண்டுமெனக் கருதினார். குதிரைகள் தடை தாண்டும் பந்தயத்தைப் போல நாய்களைக் கொண்டு ஒன்றை அமைக்கும்படி, நாய்ப் பயிற்சியில் தேர்ந்த பீட்டர் மீன்வெல்லைக் கேட்டுக்கொண்டார். இடைவேளை நிரப்பியாக வந்த அந்த நிகழ்ச்சி அவையோரைப் பெரிதும் கவர்ந்துவிட்டது. 1980இலேயே பிரிட்டனின் கென்னல் கிளப் அதற்கு விதிகள் வகுத்தது. அமெரிக்காவில் 1986இல் இதற்கெனச் சங்கம் ஏற்பட்டது. 1996இல் சுவிட்சர்லாந்தின் மோர்ஜ் நகரில் அனைத்துலக நாய்ச் சங்கத்தின் முதல் உலகப் போட்டி நடைபெற்றது.

இதனை ‘அஜிலிட்டி’ என்கின்றனர். வேகம் என்று பெயர்த்தால் குறைபடும். சுறுசுறுப்பு என்றால் பொதுப்படையாகும். லாகவம் என்பதே ஏறத்தாழப் பொருந்தும். திடலில் தாண்டுகம்புகள், துணிக்குழாய்ச் சுரங்கம், கூரைபோல் இருபுறமும் சரிந்த பலகை, உயர்ந்த நடைபாலம், ஏறி இறங்கும் சீசாப் பலகை, வளைந்து வளைந்து புகுந்து செல்லவேண்டிய கம்பு வரிசை ஆகியவற்றை நடுவர் தாம் விரும்பிய ஒழுங்கில் அமைப்பார். நாய்க்கு அவ்வொழுங்கு தெரியாது. உரிமையாளர் மட்டும் முன்னதாக நடந்து பார்த்து மனத்தில் பதித்துக்கொள்வார். பிறகு கயிறின்றி, தொடாமல், குரலாலும் கையசைவாலும் தோள் திருப்பத்தாலுமே நாயை நடத்திச் செல்லவேண்டும். கம்பு விழுந்தாலும், பலகையின் முனையிலுள்ள வண்ணப் பகுதியில் கால் வைக்காமல் குதித்தாலும் புள்ளி குறையும்.

தொடக்க காலத்தில் பிரிட்டனில் தாண்டுகம்பின் உயரம் எல்லா நாய்க்கும் ஒன்றே: 30 அங்குலம், அதாவது ஏறக்குறைய 76 சென்டிமீட்டர். கோர்கியின் உயரமோ 25 முதல் 30 சென்டிமீட்டர். தன்னைப்போல் இரண்டரை மடங்கு உயரத்தை அது எவ்வாறு தாண்டும்? ஒரே அளவுகோல் என்பது பார்வைக்குச் சமநீதியாகத் தோன்றினும், உண்மையில் குள்ளநாய்களுக்கு வாயிலை அடைத்த விதியே அது. பின்னர் உயரத்திற்கேற்ற வகுப்புகள் ஏற்பட்டன. தோளுயரம் 35 சென்டிமீட்டருக்கு மேற்படாத நாய்கள் இப்போது பிரிட்டனில் சிறு வகுப்பில் தாழ்ந்த கம்புகளைத் தாண்டுகின்றன. கம்பு தாழ்ந்ததேயன்றிப் பந்தயம் எளிதாகிவிடவில்லை. அதே சுரங்கம், அதே பாலம், அதே கடிகாரம்.

பயிற்சியில் கோர்கிக்கு நலனும் உண்டு, தடையும் உண்டு. சுரங்கத்தில் அது குனிய வேண்டியதில்லை. நெட்டைக்கால் நாய் தாவிக் கடந்துவிடும் வண்ணப் பகுதியில் இதன் குறுநடை பெரும்பாலும் தானே பதிந்துவிடும். ஆனால் மாட்டின் குதிகாலைக் கவ்விய பழைய இயல்பு, உடன் ஓடும் உரிமையாளரின் காலைக் கண்டதும் விழித்துக்கொள்ளும். அதனை விளையாட்டுப் பொருளின் பக்கம் திருப்பிவிடப் பொறுமை வேண்டும். இவற்றினும் முக்கியமானது முதுகெலும்பு. குட்டைக்காலும் நீண்ட முதுகும் உடைய இனங்களில் முள்ளெலும்பிடை வட்டுகள் நலிவது மிகுதி. ஆகவே குட்டிப் பருவத்தில் கம்பைத் தரையில் கிடத்தியே பழக்குவர். 18 மாதம் நிரம்பாத நாய் போட்டியில் கலந்துகொள்ள விதி இடந்தராது. உடல் பருக்கவிடாமல் காப்பதும் பயிற்சியின் பகுதியே. பந்தயப் பரிசுக்காக வளர்ப்புப் பிராணியின் முதுகை விலையாகக் கொடுக்கலாகாது. பிரம்புக்கு இங்கே வேலையில்லை. உணவும் விளையாட்டும் பாராட்டுமே கருவிகள்.

2014இல் பிரிட்டனில் பதிவான பெம்புரோக் கோர்கிக் குட்டிகள் 274 மட்டுமே. ஆண்டிற்கு 300க்கும் குறைந்ததால், அருகிவரும் இனங்களின் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. 2018இல் எண்ணிக்கை பெருகி அப்பட்டியலினின்றும் நீங்கியது. தொழில் போயிற்று, தாயகத்தின் மேய்ச்சல் வழியும் போயிற்று. எனினும் மந்தையில் கற்ற விரைவும், சொற்கேட்டு நடக்கும் அறிவும், தாய்மொழிப் பெயரும் போகவில்லை. பிறந்த மண்ணைவிட்டு வந்து வேறு வேலையில் நம் திறனைப் பொருத்திக்கொண்ட நமக்கு இந்தச் செய்தி அந்நியமாகத் தோன்றாது.

அடுத்த முறை பூங்காவில் இக்குள்ளநாயைக் காணும்போது, நேயர்கள் அதன் கால்களைப் பார்த்து நகைக்கலாம், தவறில்லை. ஓர் எருதின் உதைக்குத் தப்பிய கால்கள் அவை என்பதையும் கூடவே நினைத்துக்கொண்டால் போதும்.