வெள்ளணு எண்ணிய கதை

நான் லேப்பில் சேர்ந்த காலத்தில் வெள்ளணுவை விரலால்தான் எண்ணுவோம். ரத்தத்தை ஸ்லைடில் இழுத்து, லீஷ்மன் சாயம் ஊற்றி, எண்ணெய் ஒரு சொட்டு விட்டுக் கண்ணை வைத்தால், ஒவ்வொரு வகைக்கும் ஒரு பொத்தான். நூறானதும் பெட்டி மணியடிக்கும். அவற்றில் ஈசினோபில் என்ற வகையைத் தேடவே வேண்டாம். செம்மஞ்சள் மணிகளோடு தானாகக் கண்ணில் விழும். 1879இல் அதற்குப் பெயர் வைத்தவர் பால் எர்லிக்.

அந்த அணுவால் நம்மவர் பலர் டிபி என்ற பட்டத்திலிருந்து தப்பினார்கள். ராத்திரி முழுக்க இருமல், மூச்சிழுப்பு, எக்ஸ்ரேயில் புள்ளிகள், வேறென்ன சொல்வார்கள்? மதனப்பள்ளி சானடோரியத்திலிருந்து ஃப்ரிமோட்-மோலரும் பார்ட்டனும் 1940இல், இது டிபி இல்லை, ஈசினோபில்தான் எக்கச்சக்கம் என்று எழுதினார்கள். 1943இல் டாக்டர் வைன்கார்ட்டன் இந்த நோயை வெப்பமண்டல ஈசினோபிலியா என்றார். மேகநோய்க்கு ஆர்சனிக் ஊசி போட்டவருக்கு இருமலும் நின்றதாம்; முதல் மருந்து அப்படி அகப்பட்டது.

சிங்கப்பூரில் இந்த நோயை விடாமல் துரத்தியவர் டாக்டர் டி.ஜே. தனராஜ், பிற்பாடு மலாயாப் பல்கலைக்கழக மருத்துவத் துறையின் முதல் டீன். யானைக்கால் புழுவுக்கான டைஎதில்கார்பமசின் கொடுத்தார். அணு மளமளவென இறங்கியது. அப்படியானால் காரணம் அந்தப் புழுவா? 1966இல் அவர் குழு நுரையீரல் திசுவுக்குள்ளேயே புழுக்குஞ்சைக் காட்டியது. அந்தக் குழுவில் இருந்த நோய்க்குறியியலாளர் க. சண்முகரத்தினம்தான் சிங்கப்பூரின் புற்றுநோய்ப் பதிவேட்டையும் தொடங்கினார்.

புற்றுக்கட்டிக்குள் போன வெள்ளணு அவ்வளவு சுலபத்தில் பிடிபடவில்லை. சாயத்தில் லிம்போசைட் என்ற வெள்ளணு வகை எல்லாம் ஒரே நீலப் பொட்டு. கொல்வது எது, கொல்லவிடாமல் தடுப்பது எது? 1975இல் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே அடையாளத்தை மட்டும் பற்றும் ஒற்றைவகை எதிர்ப்பான் செய்யும் வழி கண்ட பிறகே அதைப் பிரித்தறிய முடிந்தது. பாண்டான் மேவாவில் இருக்கும் எங்கள் அம்பாங் மருத்துவமனையில் ரத்தப் புற்றை வகை பிரிப்பதும் அந்த எதிர்ப்பான்களை வைத்துத்தான்.

கொல்லும் அணு கட்டிக்குள் நிறைய இருந்தால் போதுமா? கணையப் புற்றில் நூற்றுக்கு ஏழு பேர்கூட ஐந்தாண்டு தாண்டுவதில்லை என்றுதான் 2017 வரை கணக்கு. அந்த வருஷம் நியூயார்க்கில் வினோத் பாலச்சந்திரன் குழு, நெடுநாள் பிழைத்தவர்களின் கட்டிகளை எடுத்துப் பார்த்தது. டி அணு எனப்படும் கொல்லும் லிம்போசைட் நிறைய இருந்தது. ஆனால் அது மட்டும் போதவில்லை. அணு அடையாளம் காணத்தக்க திரிபுப் புரதங்களும் நிறைய இருந்தவர்களே அதிக நாள் வாழ்ந்தார்கள். எண்ணிக்கையை மட்டும் எழுதிக் கொடுத்த என் போன்றவர்களுக்கு இது நல்ல குட்டு.

2023இல் அதே குழு, அவரவர் கட்டிக்கேற்ற எம்ஆர்என்ஏ தடுப்பூசியை 16 பேருக்குப் போட்டது. 8 பேருக்கு டி அணு எழும்பியது. எழும்பாதவர்களில் பாதிப்பேருக்கு 13.4 மாதத்துக்குள் நோய் திரும்பிவிட்டது. 16 பேர் ரொம்பக் கொஞ்சம். பெரிய சோதனை இப்போது நடக்கிறது.