லயத்து ரொட்டியும் கடைப் பராட்டாவும்

நாம் பாவா ஆதம் மலை என்கிறோம். பிறர் சிவனொளிபாதமலை என்றும் சிறிபாத என்றும் சொல்கிறார்கள். அந்த மலைக்குப் போகும் பாதைகளில் ஒன்று நோட்டன் பிரிட்ஜ் வழியே செல்கிறது. டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் வரை இரவிலும் பஸ்கள் ஓயாது. எண்பதுகளில் அந்த மாதங்கள் வந்தால், சாப்பாட்டுக் கடையில் கொத்து ரொட்டி போடும் ஓசை நடுநிசி தாண்டியும் எங்கள் வீட்டுக்குக் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டே உம்மா சுட்ட தேங்காய் ரொட்டியைத் தின்போம். வாப்பா அந்தக் கடையில்தான் பராட்டா போட்டார். ஆனாலும் எங்களுக்குப் பராட்டா என்பது பெருநாளைக்கும் சம்பள நாளுக்கும் உரிய பண்டம்.

இப்போது நிலைமை தலைகீழ். பெருந்தெருக் கடைகள் தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் உண்டு என்று பலகை எழுதி வைத்திருக்கின்றன. வீட்டில் பிள்ளைகள் கொத்து கேட்கிறார்கள். வீட்டுச் சாப்பாடு கடைக்கும் கடைச் சாப்பாடு வீட்டுக்கும் இடம்மாறிய இந்தக் கதையில் ஒரு நூற்றாண்டு மலையக வரலாறு அடங்கியிருக்கிறது.

தோட்டத்து மக்கள் ஆதியில் ரொட்டி தின்றவர்கள் அல்லர். தோட்ட நிர்வாகமே அரிசியைக் கொடுத்து அதன் விலையைச் சம்பளத்தில் கழித்துக்கொண்டது. அந்த அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்து கப்பலேறி வந்தது. 1942 மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தனர். பர்மா அரிசி நின்றது. இலங்கையில் பங்கீடு வந்தது. குறைந்துபோன அரிசிக்கு ஈடாகக் கோதுமை மா கொடுக்கப்பட்டது. குரக்கன் மாவில் ரொட்டி சுடும் வழக்கம் இந்நாட்டில் முன்பே இருந்தது. ஆனால் கோதுமை மா ரொட்டியை லயத்தின் அன்றாடச் சாப்பாடாக்கியது அந்த யுத்தம்தான். பாண் சுடப் போறணை வேண்டும். லயத்தில் அது ஏது? ரொட்டிக்கு ஒரு கல் போதும்.

உம்மாவுக்கு இந்த ரொட்டியைச் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறித்த ஓர் அக்கா. இரண்டு சுண்டு மாவுக்கு ஒரு சுண்டு தேங்காய்ப்பூ, உப்பு, கொஞ்சம் தண்ணீர். கையாலேயே தட்டிக் கல்லில் போட வேண்டும். கவ்வாத்து வெட்டிய மிலாறுதான் விறகு. மிலாறு சுள்ளென்று எரிந்து சீக்கிரம் அடங்கிவிடும். சோறு வேகும்வரை அடுப்பைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ரொட்டிக்கோ அந்தச் சுள்ளென்ற தீ போதுமானது. செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், மாசி, உப்பு இடித்துத் தேசிக்காய் பிழிந்தால் சம்பல். விடியுமுன் இதைச் சுட்டுக் கட்டிக்கொண்டு மலைக்கு ஏறலாம். நேரமும் விறகும் பணமும் இல்லாதவர்கள் கண்டுபிடித்த சமையல் இது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நோட்டன் அணையில் தேங்கும் கெஹெல்கமு ஓயாவின் நீரைக் கொண்டு பழைய லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது 1950இல். காசல்ரீ நீரில் இயங்கும் விமலசுரேந்திர நிலையம் நோட்டன் பிரிட்ஜிலேயே 1965இல் எழுந்தது. இங்கே பிறந்த மின்சாரம் கம்பி வழியே கொழும்பு போனது. சுற்றியிருந்த எத்தனையோ லயங்களில் அதற்குப் பின்னும் பல்லாண்டுகள் குப்பி விளக்கும் மிலாறு அடுப்பும்தான்.

ரொட்டிக்கும் சோதனை வந்தது. 1973, 1974ஆம் ஆண்டுகளில் அரிசியும் மாவும் தட்டுப்பட்டன. தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. 1974இல் தோட்டங்களின் இறப்பு வீதம் உயர்ந்தது. அந்த நாட்களில் மரவள்ளிக் கிழங்கை அவித்து ரொட்டி என்று பேர் சொல்லிப் பிள்ளைகளுக்குக் கொடுத்ததாக அந்த அக்கா சொல்வாராம். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களில் பலர் நீலகிரியில் குடியேறினர். ரொட்டியும் சம்பலும் அவர்களோடு கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் போயின. 1980இல் திருகோணமலையில் பிறிமா மாவாலை இயங்கத் தொடங்கிய பிறகு கோதுமை மா இங்கே தாராளமாகக் கிடைத்தது. கடைகளில் பராட்டாவும் கொத்தும் பெருகின.

ஒருநாள் உம்மா வீட்டிலேயே பராட்டா போடப் பார்த்தார். "அது வீட்டுல வராது, புள்ள" என்றார் வாப்பா. கடையில் நீண்ட மேசை உண்டு, வீசுவதற்கு இடம் உண்டு. எங்கள் வீட்டில் இரண்டும் இல்லை. உம்மா சஹனைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். முதல் நாள் மா அறுந்து அறுந்து போனது. பிசைந்த உருண்டைகளை எண்ணெய் தடவி ஒரு மணி நேரத்துக்கு மேல் மூடி வைத்தால்தான் மா தளர்ந்து இழுபடும் என்பதை மூன்றாம் தடவையில் கண்டுகொண்டார். வீசாமல், சஹன் முதுகில் விரல்களால் இழுத்தே கண்ணாடி போல மெல்லியதாக்கினார். மடித்து, சுருட்டி, தட்டிச் சுட்டார். மீந்ததை மறுநாள் தாச்சியில் போட்டு எவர்சில்வர் கோப்பையின் விளிம்பால் கொத்தினார். வாப்பா ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு பராட்டா கேட்டார்.

நோன்பு மாதத்தில் ரோல்ஸும் அப்படித்தான் வீட்டுக்கு வந்தது. பழைய பாணை அடுப்பின் மேல் காயவைத்து இடித்தால் அதுவே தூள். உள்ளே உருளைக்கிழங்கும் டின்மீனும். இதை உம்மா அந்த அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்தார். தீபாவளிக்கு அவர் வீட்டில் ரோல்ஸ், எங்கள் வீட்டில் தினமும் ரொட்டி. கடன் அடைந்தது என்று இருவரும் சிரிப்பார்களாம்.

தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று 2021இல் வர்த்தமானி வந்தது. அடுத்த ஆண்டே நாடு நொடித்தது. 2022இல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசை. மா விலை மளமளவென்று ஏறியது. பாண் வாங்க முடியாத வீடுகள் மீண்டும் ரொட்டிக் கல்லைத் தேடின. அந்த மாவும் எட்டாதவர்கள் கிழங்கை அவித்தார்கள். 1974ஐக் கண்ட கிழவிகளுக்கு அது புதிதல்ல.

மலையக முஸ்லிம்களின் வரலாற்றைப் பேசும்போது கடை வைத்தவர்களின் பெயர்களைச் சொல்கிறோம்; பள்ளிவாசல் கட்டியவர்களின் பெயர்களைச் சொல்கிறோம். அவை வேண்டியவையே. ஆனால் போரும் பங்கீடும் பஞ்சமும் வந்தபோதெல்லாம் கிடைத்த மாவை வைத்து வீட்டை நடத்தியவர்கள் பெண்கள். லயத்துக்கும் கடைத்தெருவுக்கும் இடையில் ரொட்டியையும் ரோல்ஸையும் கைமாற்றி உறவு வளர்த்தவர்களும் அவர்களே. உம்மா மௌத்தாகிவிட்டார். அந்த அக்காவுக்கு எண்பது தாண்டிவிட்டது. சென்ற மாதம் ஒரு கொப்பியோடு அவரிடம் போனேன். "எழுதுறதுக்கு என்னய்யா இருக்கு, ரொட்டிதானே?" என்றார். பிறகு இரண்டு மணி நேரம் பேசினார்.